நெஞ்சு மாத்திரை

சுவருக்கு எப்போது மஞ்சள் அடித்தார்கள் என்று சேதுபதி கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவர் மனைவி ரத்தினம்மா அப்போதுதான் கீழே தண்ணீர் பிடித்து, வாளியைப் படிக்குப் படி இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மேலே வந்திருந்தாள். 1963ஆம் வருஷம் அது. மழை பொய்த்துப்போய்ச் சிங்கப்பூர் முழுக்கத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு. வாரத்தில் மூன்று நாள், ஆறு மணி நேரம் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. ரோவல் ரோட்டில் அந்த வீட்டுக்கு இருந்ததே ஒரு குழாய், அதற்கு நாலு குடித்தனம். சண்டை போட்டு ஒரு வாளி பிடித்துக்கொண்டு வந்தவளிடம் சுவரின் நிறத்தைப் பற்றி விசாரித்தால் எரிச்சல் வருமா வராதா? சுண்ணாம்பு அடித்தே ஆறு வருஷம் ஆகிறது, மஞ்சள் யார் அடித்தார்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"இல்ல ரத்தினம். மஞ்சளாத்தான் இருக்கு. உன் சேலையும் அப்படித்தான் தெரியுது."

அவள் கட்டியிருந்தது வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை. சேதுபதி வேடிக்கை பேசுகிற ஆள் இல்லை. துறைமுகக் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிப்போன மனிதர். வயது எழுபத்திரண்டு. நாலைந்து நாளாகவே அவருக்குச் சாப்பாடு செல்லவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். முந்தின நாள் இரண்டு தடவை வாந்தி. இப்போது இது வேறா?

ரத்தினம்மா பயப்படுவதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சேதுபதி கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்து, படுக்கவும் முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சிராங்கூன் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர்தான் அவரைப் பிழைக்க வைத்தது. நெஞ்சுக்கு என்று சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை ஒன்றைக் கொடுத்து, சேதுபதியிடம் சொல்லாமல் ரத்தினம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விரலை நீட்டிச் சொன்னார்: தினம் ஒன்று, ஒரு நாள் விட்டாலும் இவர் உங்களுக்கு இல்லை. அந்த விரலை அவள் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் குளித்து வந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அவளுடைய தங்கை செத்துப்போன அன்றைக்கும் மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் அழப் போனாள்.

டாக்டர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, அட்டையில் ஒட்டி வைத்திருந்த சீட்டு. அதை நீட்டினால் மருந்துக் கடைக்காரர் டப்பாவில் மாத்திரையை எண்ணிப் போட்டுவிடுவார். அறுபத்தொரு வயதில் எழுதிய சீட்டு எழுபத்திரண்டு வயதிலும் செல்லுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மனிதர் நன்றாகத்தானே நடமாடிக்கொண்டிருந்தார், நன்றாக இருக்கிறவரை யார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்?

கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. இதை நம் ஆட்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர வேண்டியதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடுகிற படிப்பு. கீழ் வீட்டுப் பூவம்மா விஷயத்தைக் கேட்டதும் ஒரு கணம்கூட யோசிக்காமல் காமாலை என்றாள். ஊர்ஜிதம் செய்வதற்கும் அவளிடம் வழி இருந்தது. சேதுபதியின் மூத்திரத்தைக் கொட்டாங்கச்சியில் பிடித்து, அதில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைத்தார்கள். சோறு மஞ்சளாக மாறினால் காமாலை என்று அர்த்தம். மாறாமல் என்ன செய்யும்? தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததிலிருந்து மனிதர் நாலு குடித்தனத்துக்கும் தண்ணீர் வேண்டாமா என்று, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டிருந்தார். தாகமும் அவருக்கு முன்போல் எடுப்பதில்லை. போதாததற்கு வாந்தியும் சேர்ந்து மூத்திரம் அடர்ந்துபோயிருந்தது. மத்தியானத்துக்குள் பருக்கை மஞ்சளேறி நின்றது. பூவம்மா கொட்டாங்கச்சியைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு மேல் யாருக்குச் சந்தேகம் வரும்.

சாயங்காலம் மகன் சுந்தரம் வந்தான். மின்சார இலாகாவில் கிளார்க்கு. குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்துப் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு நிஜமாகவே காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, படுத்துக்கிட என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டன்லப் ஸ்திரீட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஹனீபா பாய் கொடுத்த கீழாநெல்லியில்தான் எழுந்து உட்கார்ந்தான். அதனால் அவன் அப்பாவைப் பார்த்த கையோடு ஓடிப்போய்ப் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஹனீபா பாய் நல்ல மனுஷர். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து, சேதுபதியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். எழுபது வயதுக் கண்ணில் வெள்ளை எங்கே இருக்கிறது, எல்லாம் பழுப்புதான். கொட்டாங்கச்சியையும் பார்த்தார். பத்து நாளைக்குக் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில், அப்புறம் உப்பில்லாத கஞ்சி, உச்சிக்கு வெறும் மோர் என்றார். இங்கிலீஷ் மருந்து எதுவும் கூடாது, ஈரல் தாங்காது என்றும் சொன்னார். நெஞ்சு மாத்திரை ஒன்று உண்டே என்று ரத்தினம்மா இழுத்தாள். பாய் கொஞ்சம் யோசித்து, பத்து நாள்தானே, அதையும் நிறுத்திவிடுங்கள் என்றார். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, காசு எதுவும் வாங்காமல் இறங்கிப் போனார்.

சுந்தரத்துக்கு அம்மாவைத் தெரியும். பதினோரு வருஷமாக விடாத கையைப் பத்து நாளைக்குக் கட்டி வைக்க வெறும் பேச்சு போதாது என்று அவனுக்குத் தெரியும். அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளுடைய வலது கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணும்மா. அந்த மாத்திரைய அப்பாவுக்குக் குடுக்க மாட்டேன்னு."

அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்து நின்றவன் இவன் ஒருவன்தான். இவன் தலையில் அடித்து அவள் ஆயுசில் ஒரு தடவைகூடச் சத்தியம் செய்ததில்லை, விளையாட்டுக்குக்கூட. பொய்ச் சத்தியம் அந்தத் தலையைத்தான் தாக்கும் என்பது அவளுக்கு நெருப்பு சுடும் என்பதைப் போல நிச்சயம். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் விடவில்லை. சத்தியம் என்றாள்.

மறுநாள் காலையில் அவள் மாத்திரை கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்தது நாலே மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் அவர் எதிரில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு அவர் கீழாநெல்லியை வாந்தி எடுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். செத்துப்போன டாக்டர் விரலை நீட்டிக்கொண்டு அவள் எதிரில் நின்றார். அடுப்படிக்குப் போய், மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, உச்சிவேளை மோரில் கலக்கினாள். கலக்கும்போதே காளியம்மனிடம் பேசினாள். சத்தியத்தை மீறினது நான், தண்டனையை என் தலையில் போடு, அவன் தலையில் போடாதே. அம்மன் கேட்டாளா கேட்கவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் மோரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். மோரைக் குடித்ததும் வாந்தி எடுத்தால் மாத்திரையும் போயிருக்குமே என்று இன்னொன்றை நசுக்குவாள். அப்படி மூன்று நாள் இரண்டிரண்டாகப் போயிற்று. அவளைக் குறை சொல்வது சுலபம். பயந்தவளுக்கு ஒரு வேலைதான் தெரியும், தெரிந்த வேலையை இன்னும் அழுத்தமாகச் செய்வாள்.

சேதுபதி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தார். மின்விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்றார். ஒரு நாள் சம்பள நாளா இன்றைக்கு என்று கேட்டார், வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆன மனிதர். மூத்திரமும் குறைந்துவிட்டது. ரத்தினம்மா அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பாள். உள்ளே நாலு அடி ஓடும், அப்புறம் ஒன்றுமே இருக்காது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள், மறுபடி தட்டுக்கெட்டு ஓடும். மாத்திரை போதவில்லையோ என்று ஒரு பயம். பொய்ச் சத்தியத்துக்குத்தான் இது ஆரம்பமோ என்று இன்னொரு பயம். சுந்தரம் வேலை முடிந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் லாரி, மின்சாரக் கம்பி, பஸ் என்று அவள் மனசு எதையெதையோ காட்டும். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வரும். வந்தவன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான், மாத்திரை குடுக்கலையே என்று. அவள் இல்லை என்று தலையசைப்பாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் சேதுபதி எழுந்து இரண்டடி வைத்தவர் அப்படியே சரிந்தார். பூவம்மா எதிர்க்கடைக்கு ஓடிச் சுந்தரத்தின் ஆபீசுக்கு டெலிபோன் செய்தாள். அவன் டாக்ஸியோடு வந்தான். கீழாநெல்லி மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் அவன் முகத்தில் வடிந்து போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அப்பா அப்பா என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். ரத்தினம்மாவின் முந்தானை முடிச்சில் நாலு மாத்திரை இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்களோ, ஒரு நாளும் விடக்கூடாதே.

நீளமான வார்டு. இரண்டு வரிசையாகக் கட்டில்கள். இளம் சீன டாக்டர் ஒருவர் சேதுபதியின் கையிலும் காலிலும் வயரை மாட்டி, இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கூட நின்ற நர்ஸ் தமிழ்ப் பெண். ரோசம்மா என்று பெயர், மாதா படம் போட்ட சங்கிலி கழுத்தில். வார்டில் எல்லாரும் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் இங்கிலீஷில் கேட்கக் கேட்கச் சுந்தரம் பதில் சொன்னான். மருந்துச் சீட்டை அட்டையோடு எடுத்துக் கொடுத்தான். டாக்டர் அதைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்றாரா, எப்போதிலிருந்து என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியாக எப்போது இந்த மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார்.

எட்டு நாளாக இல்லை என்றான் சுந்தரம். டாக்டர் நம்பாமல் நிச்சயமா என்றார். சுந்தரம் நடந்ததைச் சொன்னான். அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள் என்றான். டாக்டருக்கு அது விளங்கவில்லை, மிஸ்ஸியைத் திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸி விளக்கினாள். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்த எந்தத் தமிழ்த் தாயும் அதை மீற மாட்டாள் டாக்டர், அது நடக்காத காரியம் என்றாள். டாக்டர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எதையோ எழுதி மிஸ்ஸியிடம் கொடுத்தார்.

இதெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. ரத்தினம்மா கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேதுபதிக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் கண் திறந்துதான் இருந்தது, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மிஸ்ஸி ஒரு தட்டில் ஊசியும் பஞ்சும் கொண்டு வந்து வைத்தபோது, என்ன ஊசி என்று ரத்தினம்மா கேட்டாள்.

"அவரு சாப்பிட்ட அதே மருந்துதான்மா, ஊசியா போடுறோம். எட்டு நாளா நிறுத்துனதால நெஞ்சு தடுமாறுதுன்னு டாக்டர் நினைக்கிறாங்க."

ரத்தினம்மாவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதே மருந்து என்றால் நல்லதுதானே. பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சுந்தரம் கையைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சுவரைக் காட்டியதும், அதைக் கேட்டு டாக்டர் முகம் மாறியதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மஞ்சளைப் பற்றி டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று மிஸ்ஸியிடம் கேட்டாள்.

மிஸ்ஸி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்த மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியுமாம், சோறு பிடிக்காதாம், வாந்தி வருமாம். முதலில் டாக்டருக்கு அந்தச் சந்தேகம்தான் வந்ததாம். ஆனால் எட்டு நாளாக நிறுத்தியாயிற்றே, அதனால் அது இல்லை என்று முடிவு செய்துவிட்டாராம்.

ரத்தினம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் சுந்தரம் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றான். அம்மாவின் சத்தியத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்போது வாயைத் திறந்தால் அவன் தலையில் அடித்துப் பொய் சொன்னவள் என்று அவன் முகத்துக்கு நேரே ஆகிவிடும். அப்பனுக்கு மோரில் விஷம் வைத்தவள் என்றும் ஆகிவிடும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தட்டில் இருந்தது. மிஸ்ஸி சேதுபதியின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். ரத்தினம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை டாக்டர் சொல்வதுதான் சரியோ, ஒருவேளை ஊசியில் சரியாகிவிடுமோ, யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ. மிஸ்ஸி கையைத் துடைத்தாள்.

பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருந்த டாக்டரின் கோட்டை ரத்தினம்மா எட்டிப் பிடித்து இழுத்தாள். தேக்கா மார்க்கெட்டில் சீனக் காய்கறிக்காரரிடம் பேசிப் பழகிய மலாய்தான் அவளுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த மொழி.

"டாக்டர், சாயா காசி. ஹரி ஹரி சாயா காசி."

நான் கொடுத்தேன், தினமும் நான்தான் கொடுத்தேன் என்று சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு மாத்திரையையும் காட்டினாள். ஒரு விரலைக் காட்டி, பிறகு சில நாள் இரண்டு என்று இன்னொரு விரலையும் நீட்டினாள். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். மிஸ்ஸி ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

சுந்தரத்துக்கும் மலாய் தெரியும். அவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவின் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனான்.

ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பார்த்த பிறகு, சாயங்காலம் மிஸ்ஸி ரோசம்மா ரத்தினம்மாவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து விவரம் சொன்னாள். காமாலையே இல்லையாம். நெஞ்சும் முன்னைவிட மோசமாகவில்லையாம். கிட்னிதான் என்றாள். ரத்தினம்மாவுக்கு விளங்கவில்லை. குண்டிக்காய் என்றதும் விளங்கியது, ஆட்டுக் குண்டிக்காயை மார்க்கெட்டில் வாங்கியிருக்கிறாளே.

"வயசாக ஆக அது கொஞ்சம் கொஞ்சமா வேலையக் குறைச்சுக்கும்மா. எல்லாருக்கும் ஒரே அளவு இல்ல, சில பேருக்கு அதிகம். வலிக்காது, வெளிய காட்டாது. முப்பது வயசுல செஞ்ச வேலைல பாதிதான் எழுபதுல இருக்கும். இந்த மாத்திரை மூத்திரத்து வழியாத்தான் வெளிய போகணும். தொட்டியோட துவாரம் பாதி அடைச்சுக்கிட்டப்புறம் குழாய அதே அளவு தொறந்து வச்சா தொட்டி நிரம்பிடும்ல."

மோரில் கலந்து கொடுத்த எட்டு நாளா அதற்குக் காரணம் என்று ரத்தினம்மா கேட்டாள். அதற்கும் முன்னாலேயே ஆரம்பமாகிவிட்டது, மஞ்சள் தெரிந்த அன்றைக்கே உடம்பில் ரொம்பச் சேர்ந்திருக்கும் என்றாள் மிஸ்ஸி. தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் வாந்தியும் இருந்த கொஞ்ச வேலையையும் கெடுத்துவிட்டன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அது சரியான அளவுதான். மாத்திரை மாறவில்லை, மனுஷர்தான் மாறிவிட்டார். இனி அதை இறக்க மருந்து கிடையாது, குண்டிக்காய்தான் தன் வேகத்தில் வடிக்க வேண்டும், அதுவரைக்கும் நெஞ்சு தாங்க வேண்டும். தாங்குமா என்று ரத்தினம்மா கேட்கவில்லை, மிஸ்ஸியும் சொல்லவில்லை.

அடுத்த நாலு நாளும் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பார்வை நேரத்தில் உள்ளே இருப்பாள், மணி அடித்ததும் வெளியே வந்து ஆஸ்பத்திரி வளாகத்து மரத்தடியில் உட்காருவாள். கட்டிலுக்கு அடியில் கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கும், அதில் மூத்திரத்தை அளந்து எழுதுவார்கள். அவள் வந்ததும் புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புட்டியைத்தான் குனிந்து பார்ப்பாள். முதல் நாள் அடியில் கொஞ்சம், அடர்ந்த பழுப்பாக. இரண்டாம் நாளும் அவ்வளவேதான். அன்றைக்கு அவர் நெஞ்சு ஒரு தடவை நின்று மறுபடி ஓடியதாக மிஸ்ஸி சொன்னாள். கேட்டுவிட்டு வெளியே வந்தவள் மரத்தடிவரை போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுந்தரம் காலையும் மாலையும் வந்தான். கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். அம்மாவுக்குக் காப்பி வாங்கி வைப்பான், பேச மாட்டான். அவன் போகும்போது ரோட்டைத் தாண்டி பஸ் ஏறுகிறவரை அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். அந்தப் பயமும் போகவில்லை.

மூன்றாம் நாள் புட்டி பாதிக்கு வந்தது. நாலாம் நாள் மேலே ஏறி நிறமும் வெளுத்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஆறாம் நாள் சேதுபதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்புப் போட மாட்டார்களா என்று கேட்டார். சுவர் என்ன நிறம் என்று ரத்தினம்மா பயந்துகொண்டே கேட்டதற்கு, வெள்ளைதான், இங்கே ஒழுங்காக அடித்திருக்கிறார்கள் என்றார்.

அப்போது பார்வை நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. சுந்தரம் வந்திருக்கவில்லை. இதை அவரிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று ரத்தினம்மா ஆறு நாளாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னாள். மோரில் நசுக்கிக் கலந்ததை, சில நாள் இரண்டு போட்டதை, பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினதை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் ரத்தினம். மோரு கசந்துச்சு. பதினோரு வருஷமா நாக்குல பட்ட கசப்பு, எனக்குத் தெரியாதா? நிறுத்த எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் குடிச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்திப் பேசாதவள், அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். "அப்ப டாக்டர் கேட்டப்ப முழிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க? உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. எட்டு நாளா சாப்பிடலன்னு அவன் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

விழுந்தது என்று அவர் தலையசைத்தார். போர்வையின் ஓரத்தைத் தடவினார்.

"விழுந்துச்சு. ஊசில என்ன மருந்துன்னும் விழுந்துச்சு. நான் சொன்னா அவன் உன்ன என்ன நினைப்பான்? நான் எப்படியும் போற ஆளு. எனக்கப்புறம் உனக்கு அவன்தான இருக்கான்."

ரத்தினம்மாவின் கோபம் போய்விட்டது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது. ஊசி தட்டில் இருந்தது, கையைத் துடைத்தாயிற்று, இந்த மனிதர் எல்லாம் தெரிந்து அவளுக்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அந்த நேரத்தில் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது, மிஸ்ஸி ஒவ்வொரு கட்டிலாக வந்து ஆட்களை அனுப்பத் தொடங்கினாள். ரத்தினம்மா அவர் கால்மேல் போர்வையை இழுத்து விட்டாள். மற்றதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த மூன்று வருஷத்திலும் சொல்லவில்லை.